கடற்கரைப் பள்ளிகளில் குப்பை பற்றிய கல்வி: சுவரொட்டியா, காணொளியா, கணக்கெடுப்பா?

தொண்டியில் தொடங்கித் தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று நீளும் ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். சுற்றுச்சூழல் மன்றத்துக்கென்று சிறு தொகை வந்திருக்கிறது. குப்பையைக் குறைப்பதையும் மறுசுழற்சியையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அந்தத் தொகையைக் கொண்டு என்ன செய்வது என்று தலைமையாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் முடிவெடுக்க வேண்டும். அச்சிட்ட சுவரொட்டிகளை வாங்கலாம், திரையில் காணொளிகளைக் காட்டலாம், கழிவுப் பொருள்களைக் கொண்டு கைவினைப் போட்டி நடத்தலாம், உரத்தொட்டி வைக்கலாம், கடற்கரைக்கு அழைத்துச் சென்று ஒதுங்கிய பொருள்களைக் கணக்கெடுக்கலாம், பள்ளியின் சொந்தக் குப்பைத் தொட்டியையே கவிழ்த்துப் பிரித்து எண்ணச் செய்யலாம். இவை அத்தனையையும் ஓராண்டில் செய்து முடிக்கும் அளவுக்கு ஆளும் நேரமும் இருக்கும் பள்ளிகள் அரிது என்பதால், எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது என்ற கேள்வி உண்மையான கேள்வியாகிறது.

சுற்றுச்சூழல் கல்வி இன்று ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட ஆர்வத்தைப் பொறுத்தது மட்டுமில்லை. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைக் கல்வித்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக்குமாறு அறிவுறுத்தியது. அதன்பின் பாடநூல்களில் குப்பை மேலாண்மைக்கு இடம் கிடைத்தது. தேசியப் பசுமைப் படை என்னும் அரசுத் திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் உருவாயின. ஆகவே இப்போது குறை, பாடம் இல்லை என்பதில் இல்லை. பாடத்தில் வரும் குப்பையும் பிள்ளையின் கண்முன் கிடக்கும் குப்பையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதில்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு வழியையும் நான் எடைபோடுவது பெரும்பாலும் அந்தப் பொருத்தத்தைக் கொண்டுதான். அதோடு, அந்த வழி பொருளை மறுசுழற்சிக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறதா, குப்பை உண்டாவதையே குறைக்கத் தூண்டுகிறதா என்பதையும், வெளியாள் வராத ஆண்டிலும் ஆசிரியர் தாமாகவே அதை நடத்த முடியுமா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

சுவரொட்டிகளும் படத்தாள்களும் எளிதில் கிடைப்பவை, பல ஆண்டுகள் சுவரில் இருப்பவை. ஆனால் வாங்குமுன் அவற்றின் உள்ளடக்கத்தை வரி வரியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. இந்தியா முழுமைக்கும் பொதுவாக அச்சிடப்படும் தாள்களில் 120 மைக்ரானும் அதற்கு மேலும் தடிமன் உள்ள பிளாஸ்டிக் பைகளைப் பயன்படுத்தலாம் என்ற செய்தி இடம்பெறக்கூடும். ஒன்றிய அரசின் விதி 2022 டிசம்பர் இறுதியிலிருந்து அவ்வாறுதான் இருக்கிறது. தமிழ்நாட்டிலோ 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தடை, தடிமன் எதுவாயினும் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குப் பொருந்தும். தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பை என 14 வகைப் பொருள்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. பொதுத் தாளை அப்படியே மாட்டிவைக்கும் பள்ளி, தன் மாநிலத்தின் விதிக்கு மாறான செய்தியைப் பிள்ளைகளுக்குக் கற்பித்ததாகிவிடும்.

படத்தாள்களில் தவறாமல் காணப்படும் இன்னொரு பகுதி, எந்தப் பொருள் எத்தனை ஆண்டுகளில் மக்கும் என்ற அட்டவணை. பிளாஸ்டிக் புட்டிக்கு 450 ஆண்டுகள் என்பது போன்ற எண்கள் அதில் உறுதியான அளவீடுகள் போல அச்சிடப்படுகின்றன. பாலித்தீன் தொழிற்சாலை அளவில் உற்பத்தியாகத் தொடங்கியதே 1939ஆம் ஆண்டுதான். ஆகையால் 450 ஆண்டுகள் காத்திருந்து அளந்தவர் ஒருவருமில்லை. அவை மதிப்பீடுகள். வெயில், உப்புநீர், மணலில் புதையும் ஆழம் ஆகியவற்றைப் பொறுத்து அவை பெரிதும் மாறக்கூடியவை. கூர்மையாகக் கேட்கும் பிள்ளை, யார் சார் பார்த்தது என்று ஒரு நாள் கேட்கத்தான் போகிறது. அந்தக் கேள்விக்கு நேர்மையான விடையை ஆசிரியர் தயாராக வைத்திருந்தால் அட்டவணைக்கும் பயன் உண்டு. இல்லையேல் அது வாய்ப்பாடு போல மனப்பாடமாகி, தேர்வு முடிந்ததும் மறந்துபோகும்.

காணொளிகளுக்குத் தட்டுப்பாடில்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் உள்ள விரைவுத் துலங்கல் (க்யூஆர்) குறியீட்டை ஒன்றிய அரசின் திக்‌ஷா தளத்தின் வழியே திறந்து பார்க்கலாம். கல்வித் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிகளும் உண்டு. பள்ளிக்குள் கொண்டுவர முடியாதவற்றைக் காட்டுவதில் காணொளிக்கு ஈடில்லை. நொறுக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவித் தார்ச்சாலை அமைக்கும் முறையை மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கியதை, அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததை, ஒரு பத்து நிமிடப் படத்தில் அருகிலுள்ள மாவட்டச் செய்தியாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். ஆயினும் படம் உண்டாக்கும் உணர்ச்சி சில வேளைகளில் தவறான இடத்தில் போய் நின்றுவிடுகிறது. 2015இல் கோஸ்டா ரிகா கடலில் ஓர் ஆமையின் மூக்கிலிருந்து உறிஞ்சுகுழலைப் பிடுங்கி எடுக்கும் காட்சி உலகெங்கும் பரவியது. அந்த ஆமை நம் கரையோரங்களிலும் முட்டையிட வரும் பங்குனி ஆமை இனத்தைச் சேர்ந்தது. அதைப் பார்க்கும் பிள்ளை கண் கலங்கி, உறிஞ்சுகுழலே கடலின் முதல் எதிரி என்று முடிவுகட்டிவிடும். தன் வீட்டுத் திண்ணையில் கிழிந்து கிடக்கும் தங்கூசி (நைலான் இழை) வலையை அந்தக் காட்சியோடு இணைத்துப் பார்க்காது. அந்த இணைப்பை ஆசிரியர்தான் செய்து தர வேண்டும். எனவே காணொளியைத் துணைக் கருவியாக வைத்துக்கொள்வது நல்லது. அதைச் சுற்றி ஆண்டு முழுவதையும் அமைப்பதற்கில்லை.

கைவினைப் போட்டியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: இந்த நோக்கத்துக்காக அதைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. பிளாஸ்டிக் புட்டியில் பூந்தொட்டியும், பழைய குறுந்தகட்டில் மயிலும், உறிஞ்சுகுழலில் தோரணமும் செய்துவரச் சொல்லும்போது, வீட்டில் புட்டி இல்லாத பிள்ளைக்காகப் பெற்றோர் கடைக்குப் போய்க் குளிர்பானம் வாங்குகிறார்கள். மினுக்குத் தாளும் பசையும் வண்ணமும் புதிதாக வாங்கப்படுகின்றன. பரிசளிப்பு முடிந்த வாரத்தில் அவை அனைத்தும் ஒட்டிய பசையோடு தொட்டிக்கு வந்து சேர்கின்றன. பசையும் மினுக்குத் தாளும் ஒட்டிய புட்டியைப் பழைய பொருள் கடைக்காரரும் எடுக்கத் தயங்குவார். குப்பை அழகான ஒன்றாக மாறிவிடும், ஆகவே அது உண்டாவதில் குற்றமில்லை என்ற எண்ணத்தையே அந்தப் போட்டி பிள்ளையின் மனத்தில் விட்டுச்செல்கிறது. பிள்ளைகளின் கைத்திறனை வளர்க்க வேண்டுமென்றால், பனை ஓலையில் கொட்டானும் பெட்டியும் முடையத் தெரிந்த பாட்டிமார்கள் இந்த மாவட்டத்தின் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஓலைப் பட்டையில் பதநீர் குடித்த பழக்கம் இங்கே முற்றிலும் மறையவில்லை. அந்தப் பாட்டிமார்களில் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, தின்பண்டம் வைக்க ஓர் ஓலைப் பெட்டி முடையக் கற்பித்தால், அது பிளாஸ்டிக் உறையின் இடத்தில் வைக்கத்தக்க பொருளாக இருக்கும்.

உரத்தொட்டி நல்ல ஆசான். ஆனால் இந்தக் கரைக்கு வரும்போது அதற்குச் சில நிபந்தனைகள் கூடுகின்றன. சத்துணவுக் கூடத்தில் மிஞ்சும் காய்கறித் தோலையும், வேம்பு, புங்கை மரங்களின் சருகையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் கிளறிவந்தால் இரண்டு மூன்று மாதங்களில் எரு கிடைக்கும். ஈரக் கழிவு மட்டும் போனால் நாறும், சருகு மட்டும் போனால் மக்காமல் கிடக்கும் என்பதைப் பிள்ளைகள் மூக்காலும் கையாலும் உணர்ந்து கற்பார்கள். கடலோர ஊர்கள் பலவற்றில் நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கும் நிலை இருக்கிறது. கிணற்று நீர் உப்பாக இருக்கும். பாத்திரம் கழுவிய நீரைச் சோப்புக் கலக்குமுன் பிடித்துவைத்துப் பயன்படுத்துவதே இங்கே பொருத்தமாக இருக்கும். மீன் கழிவை முதலாண்டில் தொட்டியில் சேர்க்காமலிருப்பது நல்லது. நாயும் காகமும் ஈயும் வந்து சேர்ந்தால் அக்கம்பக்கத்தார் எதிர்ப்பில் முயற்சி முழுவதும் நின்றுவிடும். சத்துணவில் சேரும் முட்டை ஓடுகளை நொறுக்கிப் போட வேண்டும், முழு ஓடு நெடுநாள் அப்படியே கிடக்கும். இவற்றையெல்லாம்விடப் பெரிய கேள்வி, மே மாத விடுமுறையில் தொட்டியைக் கிளறி நீர் தெளிக்க யார் இருக்கிறார் என்பது. அதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடிந்தால் மட்டும் உரத்தொட்டியைத் தொடங்கலாம். காய்ந்து கிடக்கும் தொட்டியை ஜூனில் திரும்பிவரும் பிள்ளைகள் பார்ப்பது, தொட்டியே இல்லாதிருப்பதைவிடத் தீங்கானது.

கடற்கரைக் கணக்கெடுப்புக்கு வருவோம். இந்த மாவட்டப் பள்ளிகளுக்கு வாய்த்திருக்கும் தனிச் செல்வம் அது. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், அப்பகுதி 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. அந்தத் தீவுகளுக்குள் அனுமதியின்றிப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல இயலாது. ஊரை ஒட்டிய கரையே போதும். செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை உலகெங்கும் கடற்கரைத் தூய்மை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த வழக்கம் 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கியபோதே, பொறுக்குவதோடு நில்லாமல் ஒவ்வொரு பொருளையும் எழுதி எண்ண வேண்டும் என்ற விதியும் கூடவே பிறந்தது. நம் ஊர்களில் நடக்கும் தூய்மைப் பணிகள் பலவற்றில் பொறுக்குவது இருக்கிறது, படம் எடுப்பது இருக்கிறது, எண்ணுவது விடுபட்டுப் போகிறது. கல்வி முழுவதும் அந்த எண்ணிக்கையில்தான் அடங்கியிருக்கிறது.

நூறு அடி நீளக் கரையைக் கயிறு கட்டி அளந்து, மூடி, புட்டி, தின்பண்ட உறை, வலைத்துண்டு, கயிறு, தெர்மாகோல், துணி, செருப்பு என்று வகைபிரித்து எழுதினால் போதும். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தை ஒட்டிய கரையில் யாத்திரிகர்கள் விட்டுச்செல்லும் துணி கூடுதலாகவும், மீன் இறங்கும் கரைகளில் தெர்மாகோலும் வலைத்துண்டும் கூடுதலாகவும் இருப்பதைப் பட்டியலே காட்டிவிடும்; குப்பைக்கு ஊர்தோறும் வேறு வேறு மூலம் உண்டு என்பதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வாடைக் காற்றுக் காலத்தில் பாக் நீரிணைக் கரையான வடகடலிலும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாக் கரையான தென்கடலிலும் அலை மிகுவதால், ஒதுங்கும் பொருள்களும் காலத்துக்கேற்ப இடம் மாறுகின்றன. ஒரே கரையை ஆண்டில் இருமுறை, இரண்டு காற்றுக் காலங்களிலும் எண்ணிப் பார்ப்பது இதனால் பெரும் பயன் தரும். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் காற்றைப் பற்றி ஆசிரியருக்குக் கற்பிக்கும் வகுப்பாகவும் அது அமையும்.

இதற்கொரு வரம்பு உண்டு. அந்த வரம்பையே பாடமாக்கவும் முடியும். அகன்ற கண்ணாடிப் புட்டியில் கடல்நீரை நிரப்பி, தண்ணீர்ப் புட்டியின் மூடியையும், அதே புட்டியிலிருந்து வெட்டிய துண்டையும், தங்கூசி வலையின் சிறு துண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூடி மிதக்கும், மற்ற இரண்டும் மூழ்கும். மூடி செய்யப்படும் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் வகைகளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.90 முதல் 0.96 கிராம், கடல்நீர் ஏறத்தாழ 1.025, நைலான் 1.14, புட்டி செய்யப்படும் பெட் வகை 1.38. மூடி இறுகிய வெறும் புட்டி காற்றினால் மிதந்து கரைக்கு வரும், நொறுங்கியது அடியில் தங்கும். ஆகக் கரையில் எண்ணுவது மிதப்பவற்றின் கணக்கு மட்டுமே. அறுந்து போன நைலான் வலை கண்ணுக்குத் தெரியாமல் பவளப்பாறை மேலும் கடற்புல் மேலும் கிடந்து, பிடிப்பவர் இல்லாமலேயே மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏழாம் வகுப்பு அறிவியலில் வரும் அடர்த்திப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சோதனையை இந்தக் கரையில் நான் கண்டதில்லை. செலவும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கரைக்குப் போகுமுன் சிலவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல்லும் பாசியும் குப்பையைச் சேர்ந்தவை அல்ல. மணலைப் பிடித்துவைப்பவை, சிற்றுயிர்களுக்கு உணவாகுபவை, அவற்றை வாரி அகற்றக் கூடாது. பவளத் துண்டை அழகுக்காக வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது; அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடைசெய்யப்பட்டது. ஊசியையும் உடைந்த கண்ணாடியையும் சொறி எனப்படும் ஜெல்லி மீனையும் பெரியவர்கள் மட்டுமே கையாள வேண்டும். கையுறை வாங்கப் பணமில்லை என்றால் கணக்கெடுப்பைத் தள்ளிப்போடுங்கள்.

கடைசியாக, பள்ளியின் சொந்தக் குப்பைத் தொட்டி. என் பார்வையில் தொகையின் முதல் பங்கும் ஆண்டின் முதல் மாதமும் இதற்கே போக வேண்டும். தேவையானவை ஒரு தொங்கு தராசு, நான்கு சாக்குகள், கையுறைகள், ஒரு பேரேடு. ஒரு வாரம் முழுவதும் பள்ளியில் சேரும் குப்பையைப் பிள்ளைகள் நாள்தோறும் பிரித்து, எடையும் எண்ணிக்கையும் எழுதுகிறார்கள். நாளொன்றுக்கு 60 தின்பண்ட உறைகள் விழுவதாக வைத்துக்கொண்டால், 210 வேலைநாள்களில் அவை 12,600 ஆகும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே பெருக்கிச் சொல்லும். அந்த எண் அவர்கள் கையால் எண்ணியதிலிருந்து வந்தது. அதை மறுக்கவோ மறக்கவோ இயலாது. அடுத்து, பிரித்ததைக் கொண்டு ஊரில் உள்ள பழைய பொருள் கடைக்கு ஒரு வகுப்பை அழைத்துச் செல்ல வேண்டும். அட்டை, இரும்பு, அலுமினியம், தெளிந்த புட்டி, தடித்த டப்பா ஆகியவற்றுக்குக் கடைக்காரர் விலை சொல்வார். மினுங்கும் தின்பண்ட உறை, தெர்மாகோல், எண்ணெய் ஒட்டிய பை ஆகியவற்றைப் பொதுவாக வேண்டாம் என்று ஒதுக்குவார். பிளாஸ்டிக்கையும் அலுமினியப் படலத்தையும் பல அடுக்காக ஒட்டிச் செய்த உறையை எளிதில் பிரித்தெடுக்க முடியாது என்ற காரணத்தை ஆசிரியர் அங்கேயே விளக்கலாம். மறுசுழற்சிக்கு எல்லை உண்டு என்பதையும், அந்த எல்லைக்கு அப்பால் இருப்பதை வாங்காமலிருப்பதே வழி என்பதையும் கடைக்காரரின் கை அசைவு கற்பித்துவிடும். 2015 வரை உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 விழுக்காடே மறுசுழற்சி கண்டது என்ற 2017ஆம் ஆண்டு ஆய்வின் முடிவை அதற்குப் பிறகு சொன்னால், பிள்ளைகளுக்கு அது வெறும் எண்ணாக இராது.

இந்த வழிக்கும் முன்னேற்பாடு ஒன்று தேவை. பிள்ளைகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துவைத்ததைத் தூய்மைக் காவலர் வந்து ஒரே வண்டியில் கொட்டிக் கலந்துவிட்டால், அல்லது வண்டியே வராமல் பள்ளியின் பின்புறத்தில் எல்லாம் சேர்த்துக் கொளுத்தப்பட்டால், அந்த ஒரு காட்சி ஆண்டு முழுவதும் கற்பித்ததை அழித்துவிடும். ஆகவே ஊராட்சியில் எந்த நாளில் யார் எதை எடுத்துச் செல்கிறார் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். எடுத்துச் செல்பவரையே ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து, மரியாதையோடு உட்காரவைத்து, கலந்த குப்பையில் கைவிடும்போது அவர் படும் பாட்டைப் பேசச் சொல்ல வேண்டும். எரிப்பதைப் பற்றியும் இங்கே மறைக்காமல் பேச வேண்டும். கரையோரத் தெருக்களில் சாயங்காலம் குப்பை எரிவதைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். பிவிசி வகைப் பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு எழும், டையாக்சின் போன்ற நச்சுகளும் உண்டாகும் என்பதைப் பாடம் சொல்லாமல் விட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

ஆகப் பரிந்துரை இதுதான். ஜூன், ஜூலையில் தொட்டிக் கணக்கெடுப்பும் பழைய பொருள் கடைக்கு ஒரு நடையும். செப்டம்பரில் கரைக் கணக்கெடுப்பும் அடர்த்திச் சோதனையும். காற்று மாறிய பிறகு, வாடையின் கடுமை தணியும் ஜனவரியில், அதே கரையில் மறு கணக்கெடுப்பு. காணொளிகள் இவற்றுக்கு இடையில், கேள்வி எழுந்த இடத்தில் மட்டும். உரத்தொட்டி, விடுமுறையில் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால். அச்சிட்ட சுவரொட்டிக்குப் பணம் செலவிட வேண்டாம்; பிள்ளைகள் எழுதிய எண்களையே பெரிய தாளில் வரைந்து மாட்டலாம். வெளியாரின் துணை வேண்டுமென்றால், 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் மண்டபத்தில் இருக்கிறது, பாம்பனிலிருந்து 90.4 அலைவரிசையில் மீனவர்களுக்காக ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலி இருக்கிறது. பிள்ளைகள் தாங்கள் எண்ணியதைத் தங்கள் குரலில் அந்த வானொலியில் சொல்ல வாய்ப்புக் கேட்டுப் பார்க்கலாம். வலை பின்னிக்கொண்டிருக்கும் தகப்பன்மார்கள் காதில் அது விழும்.

நகராட்சிப் பகுதியில் உள்ள பள்ளிகள் வார்டு உறுப்பினரை அணுகலாம். ஊராட்சிப் பள்ளிகளுக்கு நாள்காட்டியே ஒரு வசதியைத் தந்திருக்கிறது: செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமைக்கும் அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபைக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு வாரங்கள் இருக்கின்றன. கரைக் கணக்கையும் ஜூன் மாதத் தொட்டிக் கணக்கையும் ஒரே தாளில் தொகுத்து, எந்தக் கடையருகே உறை அதிகம், எந்த இறங்குதுறையில் வலைத்துண்டு அதிகம் என்று குறித்து, பழைய வலைகளைப் போட்டுவைக்க ஒரு கூண்டும் வாரத்தில் ஒரு நாள் மக்காத குப்பைக்குத் தனி வண்டியும் வேண்டும் என்ற கோரிக்கையோடு, இரண்டு பிள்ளைகளைக் கொண்டு அதைச் சபையில் வாசிக்கச் செய்ய அந்த இரண்டு வாரங்கள் போதுமானவை.